எட்டாவது பெட்டி முதல் பதின்மூன்றாவது பெட்டி வரை

நான் மருந்துக் கம்பெனி ஒன்றில் ஆவணப் பிரிவில் இருபத்திரண்டு வருடங்களாக வேலை பார்க்கிறேன். எங்கள் தொழிலில் தேதி போடாத குறிப்பு குறிப்பே இல்லை. வீட்டிலும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. எங்கள் தமிழ்ப் பள்ளிக்குச் செயலாளராக என்னைப் பிடித்துப் போட்டதற்கும் அதுதான் காரணம். யார் எப்போது என்ன சொன்னார்கள் என்று கேட்டால் நோட்டைப் புரட்டிச் சொல்லிவிடுவேன். இந்த விஷயத்தையும் அப்படித்தான் எழுதுகிறேன். யூதர்களின் பாஸ்ஓவர் பண்டிகைக்கு முந்தின ஞாயிறில் ஆரம்பித்து அடுத்த புதன்கிழமைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கோபம் மட்டும் முடியவில்லை.

நியூ ஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷனிலிருந்து பத்து நிமிடம் ஓட்டினால் அந்த சினகாக் வரும். எங்கள் பெற்றோர்கள் அதை ‘யூதக் கோயில்’ என்பார்கள். ஞாயிறு காலையில் அவர்களுடைய குழந்தைகளுக்கு அங்கே ஹீப்ரு வகுப்பு, மதியம் அதே அறைகளில் எங்கள் தமிழ் வகுப்பு. பல வாரங்களில் வெள்ளைப் பலகையின் ஒரு பாதியில் அவர்கள் எழுத்து அழியாமல் இருக்கும், மறு பாதியில் நாங்கள் எழுதுவோம். ஹீப்ரு எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு, தேதியை எழுத்தாலேயே எழுதுவார்கள் என்று அந்தப் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். தேதி என்றால் எனக்குக் கை சும்மா இருக்காது. உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

அதனால்தான் அங்கே நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி என்னைக் கூப்பிட்டார். ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை, வயது எழுபத்தைந்து இருக்கும். அவர் பொறுப்பில் பதின்மூன்று பெட்டிகள் இருந்தன. மளிகைக் கடையில் வாழைப்பழம் வந்து இறங்கும், கை விட ஓட்டை வைத்த அட்டைப்பெட்டிகள். உள்ளே கிழிந்த பிரார்த்தனைப் புத்தகங்கள். நியூ ஜெர்சியின் தென்பக்கம், கோழிப் பண்ணைக்காரர்கள் கட்டிய சின்ன சினகாக் ஒன்று ஆளில்லாமல் மூடப்பட்டபோது அங்கிருந்து வந்தவை.

கடவுளின் பெயர் எழுதிய புத்தகம் எவ்வளவு நைந்து போனாலும் அவர்கள் குப்பையில் போடுவதில்லை, எரிப்பதும் இல்லை. சேர்த்து வைத்து, ஒரு நாள் எல்லோரும் கூடி, இடுகாட்டில் குழி வெட்டிப் புதைக்கிறார்கள், மனிதரைப் புதைப்பது போல. பண்டிகை முடிந்த பிறகு ஒரு ஞாயிறன்று இந்தப் பதின்மூன்று பெட்டிகளையும் புதைப்பதாக இருந்தது. அதற்குள் ஒவ்வொரு புத்தகத்தின் முன் பின் வெற்றுத் தாள்களையும் பார்த்துவிட வேண்டும் என்று அவர் அவசரப்பட்டார். குடும்பத்தில் யார் எப்போது பிறந்தார், யார் எப்போது இறந்தார் என்று அந்தத் தாள்களில்தான் எழுதி வைப்பார்களாம்.

அவர் தேடியது ஒரே ஒரு தேதி.

அவருக்கு ஒரு அக்கா இருந்தாள். போர் முடிந்து, ஜெர்மனியில் அகதி முகாமில், மூன்று வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் பெற்றோர் கப்பலேறி வந்து கோழிப் பண்ணை வைத்தார்கள், இவர் பிறந்தார். வீட்டில் அந்தக் குழந்தையைப் பற்றிப் பேச்சே இல்லை. அப்பா இறந்த பிறகுதான் அம்மா வாயைத் திறந்து, “தேதி அப்பாவின் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது” என்றாராம். அதற்குள் இவருடைய தம்பி வீட்டைக் காலி செய்து, புத்தகங்களை எல்லாம் அந்தப் பண்ணைக்காரர்களின் சினகாக்குக்குக் கொடுத்துவிட்டான். அம்மாவுக்கு மாதம் கூட நினைவில்லை. முகாமின் பதிவேடுகளுக்கு இவர் எழுதிப் போட்டார். பெயர் கிடைத்தது, நாள் கிடைக்கவில்லை.

வருடா வருடம் இறந்த நாளில் ஒரு முழு நாள் எரியும் மெழுகுவர்த்தி ஏற்றுவது அவர்கள் வழக்கம். முந்தின நாள் சூரியன் மறையும்போது ஏற்றுவார்கள். அதற்கு யார்சைட் என்று பெயர். அவர் விளக்க ஆரம்பித்தபோது நான் குறுக்கிட்டு, எங்களுக்கு அது திதி, அதுவும் சந்திரனை வைத்துத்தான் என்றேன். ‘அப்படியானால் உனக்கு நான் இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை’ என்று அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தை பிறந்ததிலிருந்து புதன்கிழமை மாலைகளில் போனேன். அவர் புத்தகத்தைத் திறப்பார், நான் தேதியை ஆங்கிலத் தேதியாக மாற்றி எழுதுவேன். ஏழு பெட்டிகள் முடிந்தன. முன்பின் தெரியாதவர்களின் பிறப்பும் சாவுமாக நாற்பது பக்கம் சேர்ந்தது. அக்கா இல்லை. முடித்த ஏழையும் நூலக அலமாரிக்குப் பின்னால் அடுக்கினோம். மீதி ஆறும் மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையில் இருந்தன. பெட்டிகள் மேல் எதுவும் எழுதியிருக்கவில்லை. அங்கே வருகிற எல்லோருக்கும் அது என்னவென்று தெரியும்.

எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. நான் சொல்லியிருக்கவில்லை.

பாஸ்ஓவருக்கு முன் கட்டடம் முழுக்கச் சுத்தம் செய்வார்கள். ரொட்டித் துணுக்கு, பிஸ்கட் தூள் எதுவும் ஓரத்தில் கூட இருக்கக் கூடாது. எங்கள் பிள்ளைகளும் அதே மேசைகளில் சிந்துவதால், தமிழ்ப் பள்ளி உதவ முடியுமா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். நான்கு வகுப்பறை, சமையலறை அலமாரி, கீழ் நடை. அவ்வளவுதான் அவர்கள் கொடுத்த பட்டியல்.

எங்கள் தலைவர் ஐடி கம்பெனியில் டைரக்டர், ஈரோட்டுப் பக்கத்துக்காரர். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் எதையும் கேட்ட அளவோடு செய்யத் தெரியாதவர். பெற்றோர் குழுவில் அவர் போட்ட அறிவிப்பு அப்படியே என்னிடம் இருக்கிறது: “இவங்களுக்கும் நம்ம போகி மாதிரி ஒண்ணு வருதுங்க. பழசு ஒண்ணு விடாம கழிச்சுக் கட்டணும். ஹைஸ்கூல் பசங்களுக்கு வாலண்டியர் ஹவர்ஸ் லெட்டர் உண்டு.” கல்லூரி விண்ணப்பத்துக்கு அந்த மணிக்கணக்கு தேவை என்பதால் கூட்டம் அள்ளியது. எங்கள் ஊரில் தொண்டு என்றால் அதுதான். எத்தனை மணி நேரம், யார் கையெழுத்து.

அந்த ஞாயிறு நான் போகவில்லை. மகளைக் கல்லூரி விடுதியில் கொண்டுபோய் விட்டுவிட்டு இரவு சாப்பாட்டுக்குத்தான் திரும்பினேன். பெற்றோர் குழுவில் வரும் செய்திகளை நான் உடனே பார்ப்பதில்லை. திங்கட்கிழமை மதியம் ஆபீஸில் தயிர்சாத டப்பாவைத் திறந்துகொண்டே புகைப்படங்களைத் தள்ளிக்கொண்டு போனேன். துடைப்பத்தோடு பிள்ளைகள். பளபளக்கும் மேசைகள். அப்புறம் தலைவர், இரண்டு கையிலும் ஒரு வாழைப்பழப் பெட்டியை ஏந்திச் சிரிக்கிறார். பின்னால் இன்னும் ஐந்து. கீழே ‘நியூ ஜெர்சியில் போகி’ என்று எழுதி, தீ பொம்மை மூன்று. அதற்கு முப்பது பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். படத்தைப் பெரிதாக்கினேன். மேல் பெட்டியில் தோல் அட்டை ஒன்று முதுகு உரிந்து தெரிந்தது.

அங்கிருந்தே போன் செய்தேன். அவர் மீட்டிங்கில் இருந்து எழுந்து வந்து பேசினார். மாடிப்படி அடியில் ஒரு அறை, திறந்தால் ஒரே தூசியாம், புத்தகம் எல்லாம் பிய்ந்து தொங்கியதாம். நல்லவேளையாகப் பார்த்தோம் என்றார். பெட்டிகள் இப்போது எங்கே என்றேன்.

“டென்ஷன் ஆகாதீங்க சார். ட்ராஷ்ல போடல. பேப்பர் ரீசைக்கிள்லதான் போட்டோம்.”

அதைச் சமாதானமாகச் சொன்னார். எனக்குக் காதில் கேட்டது கேட்டபடி இருக்கிறது.

அரை நாள் விடுப்பு போட்டு ஓட்டிக்கொண்டு போனேன். நீலத் தொட்டி காலியாக நின்றது. லாரி காலை ஏழு மணிக்கே வந்து போய்விட்டது. காகிதம் எங்கே போகும் என்று விசாரித்து அந்த இடத்துக்கும் போன் செய்தேன். திங்கள் காலை வந்தது மதியத்துக்குள் நசுக்கிக் கட்டுக்கட்டாகிவிடும் என்று அங்கே இருந்தவர் பொறுமையாகச் சொன்னார். எதைத் தேடுகிறாய் என்று கேட்டார். பிரார்த்தனைப் புத்தகங்கள் என்றேன்.

அன்றே நூலகத்துப் பெண்மணியிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். தலைவர் மறுபடி கூப்பிட்டு, செவ்வாய் மாலை கமிட்டி கூடிப் பேசி முடிவெடுக்கலாம், அதுவரை யாரும் தனியாக வாய் திறக்க வேண்டாம் என்றார். அடுத்த வருடத்துக்கு அறைகளைத் தருவதா என்று அவர்கள் போர்டு மே மாதம் முடிவு செய்ய இருந்தது. ‘இத்தனை குழந்தைங்க, எங்க கூட்டிட்டுப் போவீங்க, பார்க்கிங் லாட்லயா?’ என்று கேட்டார். நான் சரி என்றேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். சரி என்றவன் நான்தான்.

செவ்வாய் கூட்டத்தில் திரையில் ஏழு முகங்கள். பெட்டிகளில் இருந்தது என்ன, ஒரு வயதான பெண் அதில் எதைத் தேடிக்கொண்டிருந்தார் என்று முதலில் விவரமாகச் சொன்னேன். பொருளாளர் பாவம்தான் என்றார். பாடத்திட்டம் பார்ப்பவர், புதுப் பிரார்த்தனைப் புத்தகங்கள் வாங்கி நன்கொடையாகக் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடாதா என்றார். இன்னொருவர், அவர்களே கிளீனிங் கம்பெனிக்காரன் மேல் சந்தேகப்படுவார்கள், நாம் ஏன் முந்திக்கொள்ள வேண்டும் என்றார். கிளீனிங்குக்கு வருகிறவர் ஒரு எக்வடார்க்காரர். வாரா வாரம் எங்கள் பிள்ளைகள் சிந்தியதை அள்ளுகிற மனிதர். அவர் வேலை போனாலும் பரவாயில்லை என்பதுதான் அந்தப் பேச்சுக்கு அர்த்தம். அதைச் சொன்னவர் வீட்டில் சரஸ்வதி பூஜை அன்று புத்தகத்தைப் பிரிக்க விட மாட்டார்கள். காகிதம் காலில் பட்டால் குழந்தையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்கிறவர்கள்தான் நாங்கள் ஏழு பேரும். எழுத்து தமிழாக இருந்தால்தான் ஒற்றிக்கொள்வோம் போலிருக்கிறது.

தலைவர் ஒரு கடிதம் தயாராக வைத்திருந்தார். ஏஐ-யிடம் கேட்டு எழுதியது, வழுவழுவென்று இருந்தது. சுத்தம் செய்யும் பணியின்போது சில பழைய காகிதங்கள் கவனக்குறைவாக இடம் மாற்றப்பட்டிருக்கலாம், அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். அவர்கள் கேட்டால் மட்டும் அனுப்புவது. கேட்காவிட்டால் இல்லை. அப்புறம் என் பக்கம் திரும்பி, இந்தக் கூட்டத்தின் குறிப்பில் ‘சுத்தப் பணி இனிதே முடிந்தது’ என்று மட்டும் போட்டால் போதும் என்றார்.

அதுவரை பேசாமல் இருந்தவர் ஒருவர்தான். குழந்தை மருத்துவர், யாழ்ப்பாணத்துக்காரர். ஆஸ்பத்திரியில் இருந்தே இணைந்திருந்தார், கழுத்தில் அட்டை தொங்கியது.

“அண்ணை, எண்பத்தொண்டில எங்கட நூலகம் எரிஞ்சது உங்களுக்குத் தெரியுமோ?” என்று தலைவரைக் கேட்டார்.

தெரியும், அது பெரிய கொடுமை, இதோடு அதை எப்படி ஒப்பிடுவது என்றார் தலைவர்.

“நான் ஒப்பிடேல்லை. அப்ப எனக்கு எட்டு வயசு. அடுத்தநாள் அப்பா கூட்டிக்கொண்டு போய்க் காட்டினவர். எரிச்சவை இண்டைக்கு வரைக்கும் வந்து நாங்கள்தான் எண்டு எங்களுக்குச் சொல்லேல்லை. நீங்கள் நாளைக்குச் சொல்லாட்டி, நான் இந்தக் கமிட்டியில இல்லை. ஏனெண்டு எல்லாத் தாய் தகப்பனுக்கும் எழுதுவன்.”

தலைவர் தண்ணீர் குடித்தார். பிறகு வாக்கெடுத்தோம்: நாலுக்கு மூன்று. உண்மையைச் சொல்வதற்கு நாலு. மூன்று பேர் அப்போதும் வேண்டாம் என்றார்கள் என்பதை நான் குறிப்பில் எழுதியிருக்கிறேன். இந்தக் கட்டுரையிலும் எழுதுகிறேன்.

புதன்கிழமை மாலை வழக்கமான நேரத்துக்குப் போனேன். அவர் எட்டாவது பெட்டியை எடுக்க ஏற்கெனவே கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அறை காலியாக எலுமிச்சை வாசனையடிக்கிறது, பெட்டிகளை எங்கே நகர்த்தி வைத்தார்கள் என்று தெரியவில்லை, கிளீனிங் செய்கிறவரிடம் கேட்டேன், பாவம் அவர் பயந்துபோய்விட்டார் என்றார். நாற்காலியில் உட்காராமலே நான் சொன்னேன். ஞாயிறு, திங்கள், செவ்வாய். எந்த நேரம், யார், எந்தத் தொட்டி, எந்த லாரி. வாக்கெடுப்பு உட்பட.

அவர் அழவில்லை. கணக்கு ஆசிரியை அல்லவா, ஒவ்வொன்றாகக் கேட்டார். லாரி ஏழு மணிக்கா? எனக்குத் தெரிந்தது எத்தனை மணிக்கு? பிறகு ஒன்று கேட்டார். மூன்று மாதமாக நீ இங்கே வருகிறாய், இங்கே என்ன இருக்கிறது என்று உன் ஆட்களிடம் ஒரு தடவையாவது சொன்னாயா?

சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் சரியாகத் தெரியவில்லை. தேதி பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை, அதை எனக்கென்று வைத்துக்கொண்டேன். கமிட்டியில் சொன்னால் அதையும் ஒரு நிகழ்ச்சியாக்கி, பேனர் கட்டிப் படம் எடுத்துவிடுவார்கள் என்று ஒதுங்கியிருக்கலாம். ஒரு அறிவிப்பு, இரண்டு வரி, போதுமாக இருந்திருக்கும்.

அந்தக் கேள்வி தாங்காமல் நான் ஒரு காரியம் செய்தேன், அதற்கு இன்னும் கூசுகிறது. இறந்த நாள் தெரியாதவர்களுக்கு எங்களில் ஒரு வழி உண்டு, புரட்டாசி மாதத்து அமாவாசை எல்லோருக்கும் பொது என்றேன். உங்களிலும் தேதி தெரியாவிட்டால் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று எங்கோ படித்திருந்தேன், அதையும் சொன்னேன்.

“தெரியாமல் போனது வேறு,” என்றார். “தூக்கிப் போட்டது வேறு.”

தலைவரின் கடிதத்தை, கமிட்டி சொன்னபடி திருத்தி, கொடுத்தேன். ‘இடம் மாற்றப்பட்ட’ காகிதங்கள் போய், ‘நாங்கள் அழித்த ஆறு பெட்டிப் புத்தகங்கள்’ என்று மாற்றியிருந்தேன். ஆனால் ‘தவறுதலாக’ என்ற சொல் இருந்தது. அவர் பென்சிலை எடுத்து அதன் கீழ் ஒரு கோடு போட்டார்.

“ஞாயிற்றுக்கிழமை நடந்தது தவறு. திங்களும் செவ்வாயும் நடந்தது தவறு இல்லை.”

மே மாதம் அவர்களுடைய போர்டு எங்களுக்கு அறைகளை மறுபடி கொடுத்தது. கொடுக்கச் சொல்லிப் பேசியவர் இவர்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். எங்கள் பெற்றோர் குழுவில் உடனே, பார்த்தீர்களா, அவர்கள் பெருந்தன்மையானவர்கள், செயலாளர்தான் தேவையில்லாமல் பதறினார் என்று பேசிக்கொண்டார்கள். அதைப் படித்தபோது வந்த கோபத்தில் காரை ஓரமாக நிறுத்த வேண்டியிருந்தது. ஒருவர் தன் நஷ்டத்தை நம் தலையில் கட்டவில்லை என்றால் நஷ்டமே இல்லை என்று எடுத்துக்கொள்கிறோம். பக்கத்து மாநிலத்தில் எங்கள் கோயிலில் யாரோ செருப்போடு நுழைந்தார்கள் என்று ஆறு மாதம் கையெழுத்து வாங்கிய அதே குழு இது.

புதைக்கும் நாளில் ஏழு பெட்டிகளைத்தான் இறக்கினார்கள். தலைவர் வந்திருந்தார். ஓரமாக நின்றார். மருத்துவரும் நானும் எங்கள் கையால் புத்தகங்களை வரிசையாக வைத்தோம், மண் தள்ளினோம். எல்லோரும் கலைந்த பிறகு அந்தப் பெண்மணி என்னிடம் வந்து, தன் அக்காவுக்கு ஒரு நாளைத் தேர்ந்தெடுத்துவிட்டதாகச் சொன்னார். அவர்கள் நாட்காட்டியில் நிசான் மாதம் எட்டாம் தேதி. எனக்குக் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. நாங்கள் சுத்தம் செய்த அந்த ஞாயிற்றுக்கிழமை. அப்பா எழுதி வைத்த தேதி அன்று வரை உலகத்தில் இருந்தது, அன்று இல்லாமல் போனது, அதனால் அதுதான் சரியான நாள் என்றார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. விடையைச் சரிபார்த்துச் சொல்வது போலச் சொன்னார்.

நிசான் எட்டு ஒவ்வொரு வருடமும் வேறு வேறு ஆங்கிலத் தேதியில் வரும். தமிழ்ப் பள்ளியின் வருட அட்டவணையைத் தயாரிப்பது என் வேலை. எந்த ஞாயிறு வகுப்பு, எப்போது பொங்கல் விழா, எப்போது ஆண்டு விழா என்று இரண்டு பக்கம், எல்லா வீட்டு ஃபிரிட்ஜ் கதவிலும் ஒட்டியிருக்கும். இந்த வருட அட்டவணையில் அந்த நாளைக் கணக்கிட்டுச் சேர்த்தேன்: “நம் பள்ளி, பல குடும்பங்களின் புத்தகங்களைத் தூக்கிப் போட்ட நாளின் நினைவு. இறந்த தேதி தொலைந்த மூன்று வயதுக் குழந்தைக்காக.”

தலைவர் போன் செய்தார். சண்டைக்கு வரவில்லை. பெற்றோர்கள் கேட்பார்கள், குழந்தைகள் கேட்பார்கள், என்னவென்று சொல்வது என்றார். நடந்ததைச் சொல்லுங்கள் என்றேன். பிறகு, “‘தவறுதலாக’ன்னு ஒரு வார்த்தையாவது சேர்த்துக்கலாங்களா?” என்று கேட்டார்.

சேர்க்கவில்லை. அட்டவணை மறுநாள் அச்சுக்குப் போனது.